வண்டியின் வழித்திசை: புவெர்ட்டோ ரிக்கோ இலக்கியத்தில் இடப்பெயர்வும் பொருள் வேட்கையும் அடையாள இழப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கரிபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும் இடப்பெயர்வு நிகழ்ந்தது. அதனைப் பொருளாகக் கொண்ட மூன்று படைப்புகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ரெனே மார்க்கேஸின் ‘லா கரேத்தா’ (மாட்டுவண்டி, 1953) என்னும் நாடகம், டாட்டோ லவியேராவின் ‘லா கரேத்தா மேட் எ யூ டர்ன்’ (மாட்டுவண்டி திரும்பிக்கொண்டது, 1979) என்னும் கவிதைத் தொகுதி, எஸ்மெரால்டா சான்டியாகோவின் ‘வென் ஐ வாஸ் புவெர்ட்டோ ரிக்கன்’ (நான் புவெர்ட்டோ ரிக்கோவினளாக இருந்தபோது, 1993) என்னும் தன்வரலாறு ஆகியவை அவை. பண்பாட்டு அடையாளம் எங்கே உறைகிறது என்னும் வினாவுக்கு இவை முறையே மண், மொழி, நினைவு என விடை தருகின்றன. அவ்விடையே எது இழப்பு, எது மாற்றம் என்பதைத் தீர்மானிக்கிறது. இழப்பு ஊரைவிட்டுப் புறப்பட்டபின் தொடங்குவதன்று, நிலம் கைநழுவிய நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: புவெர்ட்டோ ரிக்கோ, இடப்பெயர்வு, பொருள் வேட்கை, அடையாளம், ஹிபாரோ, நியூயோரிக்கன், பொருள்வயிற் பிரிவு

1. முன்னுரை

இலத்தீன் அமெரிக்க வழியினரைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. வறுமையின் காரணமாகவோ வளத்தின்மீது கொண்ட ஆசையினாலோ வடக்கு நோக்கிச் சென்றவர்கள் பொருளைப் பெற்றுப் பண்பாட்டை இழந்தனர் என்பதே அக்கருத்து. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இக்கருத்து இரண்டு எண்ணங்களைக் கேள்விக்கு உட்படுத்தாமலே ஏற்றுக்கொள்கிறது. பொருள் வேட்கை தனிமனிதரின் குணக்குறை என்பது ஒன்று. அடையாளம் என்பது புறப்பட்ட இடத்தில் முழுமையாக இருந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் படைப்புகளின் சான்றுக்கு ஈடுகொடுக்கின்றனவா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட ஆய்வுச் சிக்கலாகும்.

இலத்தீன் அமெரிக்க நிலப்பரப்பு முழுவதையும் ஒருசேரப் பேசுவது பொதுமைக்கே இட்டுச் செல்லும். எனவே ஆய்வெல்லை புவெர்ட்டோ ரிக்கோவாகச் சுருக்கப்பட்டுள்ளது. அதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1898ஆம் ஆண்டு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய இத்தீவின் மக்களுக்கு 1917இல் அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆகவே நியூயார்க் சென்ற புவெர்ட்டோ ரிக்கோவினர் சட்டப்படி அயல்நாட்டுக் குடியேறிகள் அல்லர். கடவுச்சீட்டோ குடிபுகல் அனுமதியோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சட்டத் தடை இல்லாத இடத்திலும் அடையாளச் சிக்கல் கூர்மையாக எழுந்தது. குடியுரிமை வேறு, உரிமையோடு ஓரிடத்தைச் சேர்ந்திருத்தல் வேறு என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

2. வரலாற்றுப் பின்புலம்

மூன்று படைப்புகளுக்கும் பொதுவான பின்னணி தீவின் நிலவுடைமை மாற்றமாகும். ஸ்பானியர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் நடுமலைப் பகுதியின் காப்பி வேளாண்மை செழித்திருந்தது. ஆட்சி மாறியபின் ஐரோப்பியச் சந்தைகள் சுருங்கின. 1899இல் வீசிய சான் சிரியாக்கோ புயல் காப்பித் தோட்டங்களை அழித்தது. கடற்கரைச் சமவெளியில் அமெரிக்கச் சர்க்கரை நிறுவனங்கள் விரிவடைந்தன. ஒரு நிறுவனம் 500 ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருக்கலாகாது என 1900இலேயே விதிக்கப்பட்டபோதிலும், அவ்விதி நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. மலைநாட்டுச் சிறு உழவர், கடனாளியாகவும் கூலியாளாகவும் மாறினார்.

இவ்வுழவரையே ‘ஹிபாரோ’ என்னும் சொல் குறிக்கிறது. 1938இல் லூயிஸ் முனியோஸ் மரீன் தோற்றுவித்த மக்கள் சனநாயகக் கட்சி, ஓலைத்தொப்பி அணிந்த ஹிபாரோவின் தலையுருவைத் தன் சின்னமாகக் கொண்டது. உணவு, நிலம், விடுதலை என்பன அதன் முழக்கங்கள். ஆனால் அக்கட்சியின் ஆட்சியில் 1940களின் பிற்பகுதியில் விரைவு பெற்ற தொழில்மயமாக்கத் திட்டம், வரிவிலக்கு அளித்து அமெரிக்க ஆலைகளைத் தீவுக்கு அழைத்தது. ஆலைகள் வந்தன. எனினும் வேளாண்மையிலிருந்து வெளியேறியவர் அனைவருக்கும் அவற்றில் இடமில்லை. போருக்குப்பின் குறைந்த விமானக் கட்டணம் மீதியிருந்தோரை நியூயார்க்குக்குக் கொண்டு சேர்த்தது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 22 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவிலிருந்து அடுத்த பத்தாண்டுகளில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வெளியேறினர். ஹிபாரோவைச் சின்னமாக உயர்த்திய காலமே ஹிபாரோவை மலையிலிருந்து இறக்கிய காலமாகவும் அமைந்தது. இம்முரணே ‘லா கரேத்தா’வின் கருவாகும்.

3. ‘லா கரேத்தா’: அடையாளம் மண்ணில்

3.1 மூன்று களங்கள்

ரெனே மார்க்கேஸ் (1919–1979) வேளாண்மையியல் கற்றவர். அரசின் சமூகக் கல்விப் பிரிவில் பணியாற்றியவர். வளர்ச்சித் திட்டங்களை உள்ளிருந்து கண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. அவருடைய ‘லா கரேத்தா’ 1953இல் நியூயார்க்கில் ஸ்பானிய மொழியில் முதன்முறையாக மேடையேறியது. எந்த இடப்பெயர்வைப் பேசுகிறதோ, அந்த இடப்பெயர்வுக்கு உள்ளானவர்களின் முன்னிலையிலேயே அது அரங்கேறியமை குறிப்பிடத்தக்கது.

நாடகம் மூன்று அங்கங்களைக் கொண்டது. அவற்றின் தலைப்புகள் முறையே நாட்டுப்புறம், சேரி, பெருநகர் என்னும் பொருள்படும். நிலத்தை இழந்த ஒரு மலைநாட்டுக் குடும்பம் மாட்டுவண்டியில் உடைமைகளை ஏற்றிப் புறப்படுகிறது. ஓராண்டு கழித்து அக்குடும்பம் தலைநகர் சான் ஹுவானின் கடலோரச் சேரியான லா பெர்லாவில் வாழ்கிறது. மேலும் ஓராண்டு கழித்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் மொரிசானியா என்னுமிடத்து அடுக்ககம் ஒன்றில் காணப்படுகிறது. தாய் தோன்யா கபிரியேலா, மூத்தவன் லூயிஸ், மகள் ஹுவானித்தா, இளையவன் சாகித்தோ, முதியவர் தோன் சாகோ ஆகியோர் முதன்மை மாந்தர்.

ஒவ்வொரு களமும் ஒருவரைப் பறித்துக்கொள்கிறது. முதல் களத்தில் முதியவர் தோன் சாகோ உடன்வர மறுத்து மலைக்குகையில் தங்கிவிடுகிறார். இரண்டாம் களத்தில் சாகித்தோ திருட்டுக் குற்றத்திற்காகப் பிடிபடுகிறான். வன்கொடுமைக்கு ஆளான ஹுவானித்தா தற்கொலைக்கு முயல்கிறாள். மூன்றாம் களத்தில் லூயிஸ் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான். அவன் உடலைத் தாய்மண்ணில் புதைக்கத் தாய் திரும்ப முடிவு செய்கிறாள். மகளும் உடன் செல்லத் துணிகிறாள்.

3.2 பொருள் வேட்கையின் இயல்பு

குடும்பத்தை நகர்த்தும் விசை லூயிஸின் நம்பிக்கையே. எதிர்காலம் நிலத்தில் இல்லை, இயந்திரத்தில்தான் உள்ளது என அவன் கருதுகிறான். இவனைப் பொருளாசையின் உருவகமாகக் கண்டு, அவன் சாவை அதற்குரிய தண்டனையாகக் கொள்வது எளிய வாசிப்பு. நாடகத்தின் அமைப்பும் அதற்கு ஓரளவு இடந்தருகிறது. எனினும் லூயிஸ் விரும்புவன யாவை என நோக்கினால் இவ்வாசிப்பு நிலைபெறாது. நிலையான கூலி, தாய்க்கு ஓய்வு, உடன்பிறந்தோர்க்கு நல்வாழ்வு ஆகியவையே அவன் நாடுபவை. இவற்றில் மிகையான நுகர்ச்சி எதுவும் இல்லை. மேலும், இயந்திரமே விடிவு என்பது அவன் தானாகக் கண்டடைந்த கொள்கையன்று. அக்காலத்து அரசு நாடெங்கும் பரப்பிய வளர்ச்சிக் கொள்கையின் எதிரொலி அது. அவனது வேட்கை தனிமனித வேட்கையாகத் தோன்றினாலும் அதன் ஊற்று ஆட்சிக் கொள்கையில் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. லூயிஸ் கபிரியேலா பெற்ற மகன் அல்லன். அவள் கணவனுக்கு வேறொருத்தியிடம் பிறந்து, அவளால் மகனாக வளர்க்கப்பட்டவன். குடும்பத்திற்காக எல்லாரினும் மிகுதியாக உழைப்பவன் அவனே. தன் இடத்தை உழைப்பால் உறுதிசெய்துகொள்ள முயலும் ஒருவனின் தவிப்பாகவும் அவன் வேட்கையைக் காணலாம். அவ்வாறு காணும்போது பொருள் என்பது அவனுக்குக் குடும்பத்தில் உரிமை பெறுவதற்கான வழியாகிறது.

3.3 திரும்புதல் என்னும் தீர்வு

அடையாளம் மண்ணில் உறைகிறது என்பதால் மண்ணுக்குத் திரும்புவதே மீட்சி என நாடகம் முடிகிறது. உணர்ச்சி நிலையில் இம்முடிவு வலிமையானது. கருத்து நிலையில் மூன்று இடர்ப்பாடுகளைக் கொண்டுள்ளது. முதலாவது, திரும்புவோர்க்கு நிலம் இல்லை. அது இழக்கப்பட்டதனால்தான் பயணமே தொடங்கியது. இரண்டாவது, ஹுவானித்தாவுக்குத் திரும்புதல் என்பது பழைய குடும்ப ஒழுங்குக்குள் மீண்டும் அடங்குவதாகவும் பொருள்படுகிறது. நகரம் அவளைச் சிதைத்தது உண்மை. தனித்து வாழ்ந்து தானே முடிவெடுக்கும் ஆற்றலை அவளுக்கு அளித்ததும் அந்நகர வாழ்வே. மூன்றாவது, குருதி உறவின்றியே லூயிஸ் மகனாகியிருக்கிறான். பிறப்பினால் அன்றி வளர்ப்பினால் உறவு அமையும் என்பதற்கு நாடகமே சான்று தந்துவிட்டு, நாட்டுறவை மட்டும் பிறந்த மண்ணோடு கட்டுகிறது. இம்முரண் நாடகத்தில் தீர்க்கப்படவில்லை.

எனினும் மார்க்கேஸ் அடையாளத்தை உண்மையில் பாதுகாத்த இடம் ஒன்றுண்டு. அது உரையாடலின் மொழி. மெய்யொலிகள் குறைந்தும் திரிந்தும் ஒலிக்கும் ஹிபாரோ பேச்சுவழக்கை ஒலிப்புக்கு ஏற்பவே அவர் எழுதினார். தீவின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கும் முயற்சிகள் பல பத்தாண்டுகள் நடந்து, 1949இல்தான் ஸ்பானிய மொழி உறுதியாக அவ்விடத்தைப் பெற்றது. அதற்கு நான்காண்டுகள் கழித்து, ஏட்டு ஸ்பானியத்தையும் விலக்கி மலைமக்களின் பேச்சை மேடைக்குக் கொணர்ந்தமை மொழியுரிமைச் செயலாகும். மண்ணைப் பற்றி வாதிட்ட நாடகம், தன் செயலால் மொழியை முன்னிறுத்தியது எனலாம்.

4. பொருள்வயிற் பிரிவும் குடும்பப் பெயர்வும்

பொருளின் பொருட்டுப் பிரிதலைத் தனியொரு பிரிவாகவே வகுத்த இலக்கண மரபு தமிழுடையது. அம்மரபின் கருத்தாக்கம் ‘லா கரேத்தா’வின் அமைப்பை விளக்கத் துணைபுரிகிறது. அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரிவு தலைவன் ஒருவனுக்கே உரியது. தலைவி மனையில் இருக்கிறாள். கடல்வழிப் பயணத்தில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஆகவே பாலையின் கொடுமை எத்துணை விரிந்தாலும், திரும்பி வருவதற்குரிய நிலைப்புள்ளியாக மனை இருந்துகொண்டே இருக்கிறது. பொருள் அந்த மனையைக் காக்கும் கருவியாக மதிக்கப்படுகிறது.

புவெர்ட்டோ ரிக்கோ இடப்பெயர்வில் இந்நிலைப்புள்ளி அற்றுப்போகிறது. பிரிவது ஒருவன் அல்லன், குடும்பமே பெயர்கிறது. காத்திருக்க ஒருவரும் இல்லை. எஞ்சியிருந்த முதியவரும் மனையில் அன்றிக் குகையில் இருக்கிறார். எனவே ‘திரும்புதல்’ என்னும் சொல் தன் பழைய பொருளை இழக்கிறது. இவ்வொப்பீடு இரு மரபுகளையும் சமன்படுத்தும் நோக்குடையது அன்று. அகமரபு இலட்சிய ஒழுக்கத்தைப் பேசுவது, இந்நாடகம் சமூக நிகழ்வைப் பேசுவது. பொருளுக்காகப் பிரிதல் தன்னளவில் அடையாள இழப்பைத் தருவதில்லை, திரும்புவதற்குரிய இடம் அழிந்துபடுவதே அதனைத் தருகிறது என்பதைத் தெளிவுறுத்தவே இது இங்குப் பயன்படுகிறது.

5. லவியேரா: அடையாளம் மொழியில்

‘லா கரேத்தா’வின் ஆங்கில வடிவம் 1966இல் நியூயார்க்கின் கிரீனிச் மியூஸ் அரங்கில் நிகழ்த்தப்பட்டது. அதில் நடித்த மிரியம் கோலோன் அடுத்த ஆண்டு புவெர்ட்டோ ரிக்கன் டிராவலிங் தியேட்டரைத் தொடங்கினார். திரும்பிச் செல்லுமாறு கூறிய நாடகம், திரும்பாதவர்களின் நிலையான அரங்க அமைப்பு ஒன்றுக்கு வித்திட்டமை சிந்தனைக்குரியது.

அந்தத் திரும்பாத தலைமுறையின் குரலே டாட்டோ லவியேரா (1950–2013). தீவில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்தவர் இவர். 1970களில் நியூயோரிக்கன் கவிஞர் அரங்கைச் சார்ந்து எழுந்த இயக்கத்தின் முதன்மைக் கவிஞருள் ஒருவர். ‘நியூயோரிக்கன்’ என்பது முதலில் தீவினர் பெருநகர்க் கிளையினரை இகழ்ந்து கூறிய சொல். அதனையே தம் பெயராக ஏற்றுக்கொண்டது இவ்வியக்கம்.

லவியேராவின் தொகுதி தலைப்பிலேயே மார்க்கேஸுக்கு மறுமொழி கூறுகிறது. அதன் பகுப்பு முறையும் மறுமொழியே. மார்க்கேஸ் முடித்த பெருநகரில் லவியேரா தொடங்குகிறார். நகரத் தெருக்களின் மகளிர் குரல்கள் வழியாகச் சென்று, ‘சேரி’ என்னும் அதே சொல்லைத் தாங்கிய இறுதிப் பகுதியை அடைகிறார். மார்க்கேஸின் முதல் அங்கமான நாட்டுப்புறத்துக்கு இவர் செல்வதே இல்லை. வண்டி திரும்புகிறது, ஆனால் மலைக்கு அன்று. சேரியின் இசையும் அதில் கலந்துள்ள ஆப்பிரிக்க மரபும் அதன் சேரிடமாகின்றன. வெள்ளை ஹிபாரோவையே நாட்டின் அடையாளமாக உயர்த்திய கருத்தாக்கத்தில் கறுப்பின மரபுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அவ்விடைவெளியை லவியேரா நிரப்புகிறார். எனவே மார்க்கேஸ் ‘முழுமை’ எனக் கொண்ட பழைய அடையாளமே முழுமையற்றது என்பது புலனாகிறது.

இத்தொகுதியின் ஆங்கிலமும் ஸ்பானியமும் ஒரே அடிக்குள் கலந்து வருவன. பள்ளி நிறைவு உரையாக அமைந்த ஒரு கவிதையில் பேசுபவர், தமக்கு இரு மொழிகளும் முறையாக வாரா என்பதை இரு மொழிகளையும் கலந்தே கூறுகிறார். இரு மொழிப் பள்ளிகளும் கைவிட்ட ஒருவரின் உண்மையான துயரம் அதில் உண்டு. அத்துயரத்தையே இசைவும் நகையும் கூடிய புதுமொழியாக மாற்றும் திறமும் உண்டு. இழப்பை மறுக்காமலே அதிலிருந்து ஆக்கம் காணும் நிலை எனலாம்.

6. சான்டியாகோ: அடையாளம் நினைவில்

எஸ்மெரால்டா சான்டியாகோ 1948இல் பிறந்தவர். மக்கூன் என்னும் நாட்டுப்புறத்தில் வளர்ந்து, 1961இல் தாயுடன் புருக்ளின் சென்றார். அவருடைய தன்வரலாற்றுத் தலைப்பின் வினை இறந்தகாலத்தது. ஒரு நாட்டினளாக இருத்தல் முடிந்துபோன செயலாக அங்குக் கூறப்படுகிறது. படித்துவிட்டுத் தீவுக்கு மீண்டபோது, போதிய அளவு புவெர்ட்டோ ரிக்கோ இயல்பு தம்மிடம் இல்லை எனப் பிறர் கருதியதை உணர்ந்தவர் அவர். அவ்வனுபவம் இத்தலைப்பில் உறைந்துள்ளது. தம்மளவில் மாறியிருப்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மையும், அம்மாற்றத்தைத் துரோகம் என்பாரை எதிர்க்கும் முனைப்பும் அதில் ஒருங்கே உள்ளன.

பொருள் வேட்கை பற்றிய பொதுக்கருத்தை இந்நூல் இரண்டு வகையில் திருத்துகிறது. முதலாவதாக, அமெரிக்கப் பண்பாடு நியூயார்க்கில் எதிர்ப்படுவதற்கு முன்னரே மக்கூனுக்கு வந்துவிடுகிறது. ஊட்டச்சத்து வகுப்பில் ஊரில் விளையாத காய்கனிகளின் படங்கள் காட்டப்படுகின்றன. குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத காலையுணவு அளிக்கப்படுகிறது. உண்ணும் உணவு தாழ்ந்தது என்னும் எண்ணம் சொந்த ஊரிலேயே விதைக்கப்படுகிறது. இரண்டாவதாக, தாய் நியூயார்க் செல்லும் முதற்காரணம் மகன் ஒருவனின் காலில் ஏற்பட்ட காயத்திற்கான மருத்துவம். அதற்கு முன்பே ஊரில் உள்ளாடை ஆலையில் வேலைக்குச் சென்று அயலாரின் பழிச்சொல்லுக்கு ஆளானவள் அவள். நம்பத்தகாத துணைவனைச் சாராமல் பிள்ளைகளைக் காக்கும் வழியாகவே கூலி அவளுக்கு அமைகிறது. இதனைப் பொருளாசை எனச் சுருக்குவது பெண்ணின் தற்சார்பைக் காணாதுவிடுவதாகும்.

இழப்பின் விலையையும் நூல் மறைக்கவில்லை. புருக்ளினில் சிறுமியே அரசு உதவி அலுவலகத்தில் தாய்க்காக மொழிபெயர்க்கிறாள். பெற்றோர் பிள்ளையைச் சார்ந்திருக்கும் இத்தலைகீழ் நிலை குடும்பத்தின் மதிப்பு வரிசையையே மாற்றுகிறது. முகப்புப் பகுதியில், வளர்ந்த பெண் ஒருத்தி அமெரிக்கப் பேரங்காடியில் கொய்யாப்பழத்தைக் கையில் எடுத்து முகர்ந்து, வாங்காமல் திரும்ப வைத்துவிட்டு ஆப்பிளும் பேரிக்காயும் உள்ள பக்கம் செல்கிறாள். பழம் கிடைக்கிறது, விலை கொடுக்கவும் இயலும். ஆனால் பழத்தோடு இருந்த உலகம் அங்கு இல்லை. நினைவில் வாழும் அடையாளத்தின் வலிமையும் வரம்பும் இக்காட்சியில் வெளிப்படுகின்றன. நினைவை எவரும் பறிக்க இயலாது, அதற்குள் மீண்டும் குடியேறவும் இயலாது.

7. ஒப்பீட்டு நோக்கு

மூன்று படைப்புகளும் ஒரே நிகழ்வை நாற்பதாண்டு இடைவெளியில் வெவ்வேறு தொலைவிலிருந்து காண்கின்றன. மார்க்கேஸ் தீவில் நின்று, செல்வோரை நோக்குகிறார். அவருக்கு இழப்பு முழுமையானது. லவியேரா பெருநகரத்துத் தெருவில் நிற்கிறார். அவருக்கு இழப்பு ஆக்கத்தின் மூலப்பொருள். சான்டியாகோ இரண்டுக்கும் இடையில் நிற்கிறார். அவருக்கு இழப்பு, கணக்கில் எழுதிவைக்க வேண்டிய ஒரு விலை.

இம்மூன்று நிலைகளில் ஒன்றைச் சரியெனத் தேர்வது பயனற்றது. மண் என்னும் விடை, நிலப்பறிப்பு என்னும் அநீதியை மறவாமல் காக்கிறது. ஆனால் திரும்ப இயலாதோரைக் கைவிடுகிறது. மொழி என்னும் விடை திரும்பாதோர்க்கு மதிப்பளிக்கிறது. ஆயினும் அக்கலப்புமொழி அடுத்தடுத்த தலைமுறைகளில் ஆங்கிலமாகவே முடியக்கூடும் என்னும் அச்சத்துக்கு விடை தரவில்லை. நினைவு என்னும் விடை தனிமனிதருக்குப் போதுமானது. தம் பிள்ளைகளுக்கு அதனை வழங்குவது கடினம்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. அடையாள இழப்பு இடப்பெயர்வின் விளைவு மட்டுமன்று, அதன் முன்நிகழ்வும் ஆகும். ‘லா கரேத்தா’வில் நிலம் இழந்த நாளிலும், சான்டியாகோவின் நூலில் ஊர் உணவு இழிவாகக் கருதப்பட்ட நாளிலும் அது தொடங்கிவிடுகிறது.

2. இடம்பெயர்ந்தோரின் பொருள் வேட்கை பெரும்பாலும் அரசின் வளர்ச்சிக் கொள்கையால் உருவாக்கப்பட்டது. அதன் உள்ளடக்கமும் பிழைப்பு, மருத்துவம், தற்சார்பு என்பனவே. அதனை ஒழுக்கக்குறையாகக் காண்பது காரணத்தை விட்டு விளைவைப் பழிப்பதாகும்.

3. திரும்புவதற்குரிய இடம் நிலைபெற்றிருக்கும்வரை பொருளுக்கான பிரிவு அடையாளத்தை அழிப்பதில்லை.

4. ‘முழுமையான பழைய அடையாளம்’ என்பதே தேர்ந்தெடுப்பால் ஆனது. ஹிபாரோவை முன்னிறுத்தியபோது கறுப்பின மரபு பின்தள்ளப்பட்டதை லவியேராவின் தொகுதி வெளிக்கொணர்கிறது.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 33 இலட்சம். அமெரிக்க மாநிலங்களில் வாழும் புவெர்ட்டோ ரிக்கோ வழியினரோ 50 இலட்சத்தைக் கடந்துவிட்டனர். பெரும்பான்மையினர் வெளியே வாழும் ஒரு மக்களினத்தில், தீவில் இருப்பவரே மெய்யானவர், பிறர் இழந்தவர் எனக் கூறுவது பொருந்தாது. கபிரியேலா தன் மகனின் உடலோடு திரும்ப நினைத்த மண்ணை இன்று யார் உழுகின்றனர் என்பதும், லவியேராவின் கலப்புமொழியை அவர்தம் வழித்தோன்றல்கள் எவ்வளவு பேசுகின்றனர் என்பதும் இனிவரும் ஆய்வுகள் களத்தில் இறங்கிக் காணவேண்டியவை.